சப்பாத்துப் படாத புல்

அந்தப் புல்லை மண்வெட்டியால் செருக்கி எறிந்தது நான்தான். யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லுவேன். ஆனால் அது பிழை என்று மட்டும் என் வாயிலிருந்து வராது. வீடு என்றால் முற்றம் வெளிச்சமாக இருக்க வேண்டும், விடிய எழும்பியதும் கூட்ட வேண்டும், கூட்டிய கோடு மண்ணில் தெரிய வேண்டும். நான் வளர்ந்த இடத்தில் வாசலில் புல் மண்டிக் கிடந்தால், அந்த வீட்டுக்காரர் ஓடிப்போய்விட்டார்கள் அல்லது செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். இலண்டன்காரருக்கு அது தெரியாவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய?

ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் வீடு வாங்கியபோது மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புகளில் இருந்தாள். அதுவரை கவுன்சில் கட்டடத்தில் மூன்றாம் மாடி. கீழே ஒரு புல்தரை இருந்தது. அதில் விளையாடக் கூடாது என்று பெரிய எழுத்தில் பலகையும் இருந்தது. இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று நான் குசினிக் குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனவள், நேராகப் புல்லின் நடுவில் மல்லாந்து படுத்துவிட்டாள். வீடு காட்ட வந்த வெள்ளைக்காரப் பொடியனுக்கு முன்னால் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எழும்படி! பாம்பு, பூச்சி கிடக்கும்!" என்று கத்தினேன்.

"இலண்டனில பாம்பு எங்கயிருந்தப்பா வந்தது?" என்றார் இவர் மெதுவாக. இவர் எதையும் மெதுவாகத்தான் சொல்லுவார். எங்கள் வீட்டுக்கு வேண்டிய சத்தம் முழுவதையும் நான் ஒருத்தியே போட்டுவிடுவேன்.

"இந்த வீடுதான் அம்மா," என்றாள் அவள், படுத்தபடியே.

அதன் பிறகு அவள் படித்த படிப்பெல்லாம் அந்தப் புல்லில்தான். வெயில் எட்டிப் பார்த்தால் போதும், போர்வையும் புத்தகமுமாக வெளியே போய்விடுவாள். பல்கலைக்கழகம் முடித்தாள், நல்ல வேலை எடுத்தாள், அதே வேலை இடத்தில் ஒரு பொடியனையும் பிடித்தாள். மலேசியத் தமிழ்க் குடும்பம். தாயும் தகப்பனும் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். தகப்பன் எஞ்சினியர், தாய் டொக்டர், தேம்ஸுக்கு அந்தப் பக்கம் பெரிய வீடு. நான் பள்ளிக்கூடமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறவள். இவருக்குக் கிழமைக்குக் கிழமை மாறுகிற ஷிப்ட் வேலை. அவர்கள் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்றதும் கதிரை உறைகளைக்கூடக் கழற்றித் தோய்க்கப் போட்டேன்.

"சும்மா தேத்தண்ணி குடிக்கத்தானம்மா வருகினம். டென்ஷன் ஆகாதேங்கோ," என்றாள் மகள்.

சும்மா தேத்தண்ணி! பெண்ணைப் பெற்றவளுக்கல்லவா தெரியும் அந்தச் சும்மாவின் கனம். அவள் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த கிழமை நான் வீட்டைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவினேன். யன்னல் துடைத்தேன், திரைச்சீலை மாற்றினேன். எல்லாம் முடித்துவிட்டுப் பின்பக்கம் பார்த்தால் அந்தப் புல். அரைவாசி பாசி, மிச்சம் மஞ்சள் பூப் பூத்த களை, நடுவில் கணுக்கால் உயரத்துக்கு ஏதோ ஒன்று. இவர் மாதத்துக்கு ஒருதரம் மனசில்லாமல் மெஷினைத் தள்ளுவதோடு சரி. இதைப் பார்த்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க்கடையில் வாங்கி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துச் சீலையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கினேன். ஒரு புல் மிஞ்சவில்லை. பிறகு ஈர்க்கு விளக்குமாற்றால் மூலைக்கு மூலை கூட்டினேன். கோயில் வீதி மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஷிப்ட் முடிந்து வந்த இவர் பின்கதவில் நின்று வாயைத் திறந்தார். மூடவில்லை.

"இஞ்சாரும்... புல் எங்க?"

"குப்பைப் பையில."

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கிழவரின் தலையும் எழும்பியது. மனைவி போன பிறகு தனியே இருக்கிற வெள்ளைக்காரர். அவருடைய புல்தரை தைத்து விரித்த கம்பளம் மாதிரி இருக்கும். அத்தனை வருடத்தில் மழையைப் பற்றித் தவிர நாங்கள் வேறொன்றும் பேசியதில்லை. சிமெந்து போடப் போகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, சுத்தமாக்கினேன் என்றேன். அவர் தலை மெல்லக் கீழே இறங்கிவிட்டது.

சனி இரவு தொடங்கிய மழை ஞாயிறு மத்தியானம்தான் விட்டது. மகளை ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு பொடியனின் தாயும் தகப்பனும் காரில் வந்தார்கள். வாசல் மணி அடிக்கும் என்று நான் முன்கதவுக்குப் பின்னால் பொட்டைச் சரிசெய்துகொண்டு நிற்கிறேன், மணி அடிக்கவில்லை. பின்பக்கத்தில் ஓர் அலறல் கேட்டது. வீட்டுக்குள் வர முன்னமே தன் புல்லைக் காட்டவேண்டுமென்று மகள் அவர்களை வீட்டின் பக்கவாட்டுப் படலையைத் திறந்து நேரே பின்வளவுக்குள் கூட்டிப் போயிருக்கிறாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது பொடியனின் தகப்பன் உடுப்புக் காயப்போடும் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். தாயின் ஒரு சப்பாத்து களிமண்ணுக்குள் நின்றது, கால் அதற்கு வெளியே நின்றது.

"என்னாச்சுங்க? வீட்டப் பின்னால இழுத்துக் கட்டுறீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. நக்கல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, என்ர புல் எங்க?"

என் மானம் அன்றைக்குக் கப்பலேறியது. வீட்டுக்குள் வந்து, கால் கழுவி, பற்றீஸும் வடையும் வைத்த பிறகுதான் விஷயம் முழுக்க எனக்கு விளங்கியது. அடுத்த வருடம் ஆனி மாதம் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. கோயிலும் தாலியும் பிறகு. பதிவு முடித்த கையோடு இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் ஒரு தேநீர் விருந்து. தாய்க்காரி ஆற்றங்கரையில் ஒரு ஹோட்டல் பார்த்திருந்தார். மகளோ, இல்லை ஆன்ரி, எங்கள் வீட்டுப் புல்லில்தான் வைக்க வேண்டும், வந்து பாருங்கள், பார்த்தால் நீங்களே சம்மதிப்பீர்கள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஹோட்டல்லயே வச்சுக்கலாம் லா," என்றார் அந்த அம்மா, இதமாக. "யாருக்கும் சிரமமில்ல."

மகள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. சரி என்று தலையை ஆட்டினாள். என்னோடு சரிக்குச் சரி வாயடித்து வளர்ந்த பிள்ளை, ஒரு சொல் பேசாமல் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் என்னைக் கொன்றுபோட்டது.

தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் வைத்துவிட்டேன் போல. எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஹோட்டல் வேண்டாம். ஆனியில நீங்கள் எல்லாரும் இந்த வளவுக்க, புல்லில இருந்துதான் தேத்தண்ணி குடிப்பீங்கள். நான் சொல்லுறன்."

இவருக்கு வடை புரையேறியது.

"ஜூன்லயா? அதுக்குள்ள வந்திருமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வரும்."

எப்படி வரும் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. புல் என்பது வேண்டாம் வேண்டாம் என்றால் முளைக்கிற பிசாசு. வேண்டும் என்று கேட்டால் என்ன செய்யும் என்று நான் யோசித்ததேயில்லை. ஹோட்டல் இடத்தைச் சித்திரை வரைக்கும் பிடித்து வைப்பது, சித்திரை வருடப் பிறப்புக்கு வந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று பேசி முடித்தார்கள். போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, கவலைப்படாதீங்க என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

புல் வளர்க்கிற வாத்தியார் பக்கத்து வளவிலேயே இருந்தார், ஆனால் அவரிடம் போய்க் கேட்க என் ரோஷம் விடவில்லை. சிமெந்து போடப் போகிறாயா என்று கேட்ட மனிசன்! எங்கள் மேல்மாடிக் குளியலறை யன்னலால் பார்த்தால் அவருடைய வளவு முழுக்கத் தெரியும். பல் துலக்குகிற சாட்டில் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றேன். அவர் இன்றைக்கு எதைச் செய்கிறாரோ, அதை நாளைக்கு நாங்கள் செய்வோம். அவர் நாலு பல்லுள்ள ஃபோர்க்கால் மண்ணைக் குத்தினார், இவர் குத்தினார். அவர் வாரி மட்டப்படுத்தினார், நானும் வாரினேன். அவர் தன் புல்லில் ஐதான, அடர்த்தி குறைந்த இடங்களில் விதை தூவினார். எங்களுக்கு முழு வளவுமே ஐதுதானே, பெட்டி பெட்டியாக வாங்கித் தூவினோம். தூவ முன்னம், கிளறியதில் பொலபொலத்துப்போன மண் இறுகவேண்டுமென்று அவர் குதிக்காலால் சிறிது சிறிதாக மிதித்துக்கொண்டு போனார். மறுநாள் நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி, வளவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் அப்படியே மிதித்தோம்.

"காவடி எடுக்கிற மாதிரிக் கிடக்கப்பா," என்றார் இவர்.

"கதையாமல் மிதியுங்கோ."

புரட்டாதி என்றால் நல்ல காலம், அதையும் பிறகுதான் அறிந்தேன். கோடையின் சூடு மண்ணில் மிச்சம் இருக்கும், மழையும் தொடங்கிவிடும். ஆனால் புறாக்களுக்கும் அது நல்ல காலம். தூவிய விதையைக் கூட்டமாக வந்து பொறுக்கின. விட்டேனா? தடியை நட்டு, இவருடைய பழைய கோட்டும் சூட்டும் போட்டு, தலைக்குக் கம்பளித் தொப்பியும் வைத்து ஒரு வெருளி கட்டினேன். அடுத்த நாள் விடியக் கிழவர் வேலிக்கு மேலால் அதற்குக் குட் மார்னிங் சொன்னதைக் குளியலறையில் இருந்து என் காதால் கேட்டேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துபோயிற்று.

ஒரு காலை, வேலைக்குப் போகப் பையைத் தூக்கியவள், யன்னலால் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். பிறந்த பிள்ளையின் தலைமயிர் போல, மண் முழுவதும் மெல்லிய பச்சை. "வந்திட்டுது! இஞ்சாருங்கோ, வந்திட்டுது!" என்று நான் போட்ட சத்தத்தில் இவர் நெருப்புப் பிடித்துவிட்டதாக நினைத்துப் படியால் ஓடி வந்தார். மகள் மட்டும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் குசினி யன்னல் பக்கமே திரும்புவதில்லை. எங்களோடு சிரிப்பாள், கதைப்பாள், வளவைப் பற்றி ஒரு சொல் எடுக்கமாட்டாள். நம்பி இன்னொருதரம் ஏமாறப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். பெற்ற வயிறு எரிந்தது.

இலையுதிர்காலம் வந்ததும் பின்தெருவில் நின்ற பெரிய மரம் தன் இலை முழுவதையும் எங்கள் தலையில் கொட்டியது. இளம் புல்லின் மேல் ஈர இலை கிடந்தால் அழுகிவிடும் என்று கிழவர் குனிந்து குனிந்து வாரியதிலிருந்தே ஊகித்துக்கொண்டேன். அவர் கிழமைக்கு ஒருதரம் வாரினார். நான் ஒவ்வொரு நாளும் கூட்டினேன். கூட்டாமல் வேலைக்குப் போனால் எனக்கு முகம் கழுவாமல் போன மாதிரி இருக்கும், அது பழக்க தோஷம். முதலில் இவர் கெஞ்சினார்: "ஈர்க்கு விளக்குமாறு வேண்டாமப்பா, முளையெல்லாம் இழுபட்டுப்போம்." அதனால் புல் வேர் பிடிக்கும் வரைக்கும் இலையைக் கையால் பொறுக்கினேன். பிறகு விளக்குமாற்றின் நுனி மட்டும் படுமாறு மெல்லத் தடவித் தடவிக் கூட்டினேன். இலை இல்லாத நாளிலும் கூட்டினேன். புல்லில் நிற்கிற பனித்தண்ணீர் சிதறும், மண்புழு கக்கிவைத்த மண்குவியல்கள் உடைந்து பரவும், எனக்கும் மனம் ஆறும். உறைபனி விழுந்த காலைகளில் மட்டும் கிட்டப் போகவில்லை. ஒருநாள் இவர் உறைந்த புல்லுக்கு மேலால் ஷெட்டுக்கு நடந்துபோய், காலடிக்குக் காலடி புல் கருகியிருந்தது. அதற்கு அவர் என்னிடம் வாங்கிய ஏச்சு அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

மார்கழி கடந்தும் பெரிய குளிரில்லை. நசநசவென்று தூறல், மூட்டம், ஈரம். தையில் ஒருநாள் குளியலறை யன்னலால் பார்த்தபோது கிழவரின் கம்பளத்தில் வட்டம் வட்டமாக மண்ணிறம். ஓரத்தில் வெள்ளையாக, சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. கிழவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் விழுந்தடித்துக் கீழே ஓடி எங்கள் புல்லைப் பார்த்தேன். ஒரு வட்டம் இல்லை. ஒரு புள்ளி இல்லை.

அன்றைக்குத்தான் கிழவர் முதல்முறையாக எங்கள் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கோபிக்க வேண்டாம், ஒவ்வொரு காலையும் ஏதோ ஒரு துடைப்பத்தால் புல்லைத் தடவுகிறீர்களே, அது என்ன என்று கேட்டார். கொண்டுவந்து காட்டினேன். அவர் ஈர்க்குகளை விரலால் வருடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்த நாட்டு ஈரத்தில் புல்லின் மேல் தண்ணீர் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், முந்திய காலத்துக் கொல்ஃப் மைதானக்காரர் விடியவே நீளப் பிரம்பால் பனியைத் தட்டிவிடுவார்கள், நான் சோம்பலில் விட்டுவிட்டேன், நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்று.

"எனக்குத் தெரியும்," என்றேன், முகத்தில் ஒரு அசைவு காட்டாமல்.

எங்கே தெரியும்! கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் வந்து தனியே நின்று கையைத் தட்டிச் சிரித்தேன். எந்தக் கூட்டுதல் அந்தப் புல்லை மொட்டையடித்ததோ, அதே கூட்டுதல்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. நான் சொன்னேனா இல்லையா, முற்றம் என்றால் கூட்ட வேண்டும் என்று?

அடுத்த சனிக்கிழமை தமிழ்க்கடையில் ஒரு விளக்குமாறு வாங்கி அவருக்குக் கொடுத்தேன். அதன் பிறகு மாசிப் பனியில் வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் கிழவரும் கூட்டுவோம். அவர் அதைத் தேத்தண்ணிக் கரண்டி மாதிரி இரண்டு விரலால் பிடிப்பார். "நுனியை விடாதேங்கோ, குனியுங்கோ," என்று தமிழிலேயே அதட்டுவேன், அவருக்கு விளங்கும். கைம்மாறாக அவர், எங்கள் களிமண்ணில் தண்ணீர் தேங்காமல் இருக்க வரிவரியாக ஆழத் துளையிட்டு மணல் நிரப்பச் சொல்லித் தந்தார். இவர் பங்குனி முழுக்கக் குத்தினார், நான் மணல் கொட்டினேன். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தபோது குசினி யன்னலில் மகள் நின்றாள். கையில் கோப்பி. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. நான் பார்த்ததும் போய்விட்டாள்.

முதல் வெட்டு வெட்டும்போது இவர் மெஷினை நிலத்தோடு ஒட்டப் பதித்து வைத்து ஒரே தள்ளில் முடிக்கப் பார்த்தார். குறுக்கே போய் நின்றேன். "உயரத்தில வையுங்கோ. நுனி மட்டும். மொட்டையடிக்க இது திருப்பதி இல்லை."

"மொட்டையடிக்கிறதைப் பற்றி நீர் கதைக்கிறீரோ?" என்றார் இவர். அத்தனை வருடக் கலியாண வாழ்வில் அந்த மனிசன் என்னை மடக்கிய ஒரே தடவை அதுதான்.

சித்திரை வருடப் பிறப்புக்குச் சம்பந்திமார் வந்தார்கள். அம்மாவின் கையில் ஒரு பை. படலையடியில் நின்று பையைத் திறந்து முழங்கால்மட்டு ரப்பர் சப்பாத்தை எடுத்தார். போனமுறை பட்ட அனுபவம் அப்படி! எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு படலையைத் தள்ளித் திறந்தேன்.

அந்த அம்மா ஒரு சப்பாத்தைப் போட்டபடி, மற்றதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வேலி தொட்டு வேலி பச்சை.

"அடேயப்பா," என்றார். பிறகு கணவரின் பக்கம் திரும்பி, "ஹோட்டல கேன்சல் பண்ணிடுங்க."

எனக்குப் பக்கத்தில் நின்ற மகளின் மூச்சு ஒருமுறை உள்ளே இழுபட்டதைக் கேட்டேன். என் விரலைப் பிடித்தாள், சின்ன வயதில் றோட்டைக் கடக்கும்போது பிடிப்பதுபோல.

வென்றுவிட்டேன் என்ற நினைப்பு கொஞ்சம் தலைக்கேறியது. வைகாசிக் கடைசியில் நடுவில் ஒரு இடம் வெளிறினாற்போல் தெரிந்தது. உரம் போதாது என்று நானாகவே தீர்மானித்து, கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றுகிற மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு கொண்டுபோய் அதில் ஊற்றினேன். எங்கள் ஆட்களின் கைமருந்து அது, எந்த மரமும் ஓங்கி வளரும். ஆனால் இலண்டன் நரிக்கு மீன் மணந்தால் போதும் என்பதை நான் மறந்துபோனேன். விடிய விளக்குமாற்றோடு வந்து பார்க்கிறேன், நடுப்புல்லில் ஒரு பிள்ளையை இருத்தலாம் போலக் குழி. சுற்றிவர மண். புல் கிழிந்து கிழிந்து கிடக்கிறது. எழுத்துக்குக் கொஞ்ச நாள்தான் மிச்சம், ஹோட்டலும் இல்லை. நான் அந்தக் குழிக்குப் பக்கத்தில் குந்தி இருந்து வாய்விட்டு அழுதேன். மழைக்கும் பனிக்கும் அழாதவள்.

முதுகில் ஒரு கை பட்டது. மகள். இரவு உடுப்போடு, வெறுங்காலோடு நின்றாள்.

"ஷெட்டுக்குப் பின்னால ஒருத்தருக்கும் தெரியாத இடத்தில நல்ல புல் கிடக்கு, அம்மா. வெட்டி எடுத்து இதில வைப்பம்."

"நீ பார்த்தனியோ?"

"நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான். நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு."

அன்று அவள் வேலைக்கு லீவு சொன்னாள், நானும் சொன்னேன். ஷெட்டுக்குப் பின்னால் சதுரம் சதுரமாகப் புல்லை மண்ணோடு வெட்டித் தூக்கினோம். குழியை நிரப்பி, அதன்மேல் வைத்து, இருவரும் பலகை போட்டு ஏறி நின்று மிதித்தோம். கிழவர் வேலிக்கு மேலால் வந்து, விளிம்புகளுக்குள் மண் தூவச் சொல்லிவிட்டு, மீனைப் பற்றிக் கேள்விப்பட்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் கீழே இழுத்துக்கொண்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் எழுத்து முடியும்வரை மீன் சமைக்கவில்லை. ஒட்டின இடம் ஒரு கிழமையில் பிடித்துவிட்டது.

எழுத்து அன்றைக்குக் காலையில் மழை கொட்டியது. சும்மா மழையா, வாளியால் ஊற்றின மாதிரி. கவுன்சில் மண்டபத்தில் மகள் கையெழுத்து வைக்கும்போது கூட நான் யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வீடு வந்து சேர மழை விட்டு வெயில் வந்தது. பின்கதவைத் திறந்தேன். குத்திய துளைகளும் கொட்டிய மணலும் தங்கள் வேலையைச் செய்திருந்தன. காலை வைத்துப் பார்த்தேன். ஈரம் இருந்தது, சேறு இல்லை. மேசைகளைக் கொண்டு வரச் சொன்னேன்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பட்டுச்சீலை, கோட், சூட். சம்பந்தி அம்மா ஆணி மாதிரிக் குதி வைத்த சப்பாத்தில் வந்தார். அந்தக் குதி என் புல்லில் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு உடனே தெரிந்தது. குசினிப் படியில் குறுக்கே நின்றேன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

"கார்டனுக்கா?"

"ஓம். வீட்டுக்க வரேக்க கழட்டுறீங்கள்தானே? இதுவும் வீடுதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. சட்டென்று சிரித்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினார். அவர் கழற்றிய பிறகு யார் மாட்டேன் என்பார்கள்? கோயில் வாசல் மாதிரிக் குசினிப் படியில் சப்பாத்துகள் குவிந்தன. டொக்டர்மார், எஞ்சினியர்மார், என்னோடு சமையலறையில் வேலை செய்கிற பெண்கள், எல்லோரும் வெறுங்காலோடு என் புல்லில் நின்றார்கள். கிழவர் டை கட்டி வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் படியில் குந்தி, சொக்ஸையும் உருட்டிக் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். வெயில் கண்டிராத அந்தக் கால்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்காமல் இருக்க நான் கண்ணாலேயே எல்லோரையும் மிரட்டி வைத்தேன்.

சம்பந்தி அம்மா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நடுவில், நரி தோண்டின அதே இடத்தில் நின்று, கால்விரல்களைப் புல்லுக்குள் அமத்தி அமத்திப் பார்த்தார்.

"யாருங்க உங்க தோட்டக்காரர்? எங்க வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்புங்களேன். ஒரே பாசி."

"நான்தான்," என்றேன்.

அந்த அம்மா தமிழில் கேட்டது என்னவென்று கிழவர் ஊகித்து, என் பக்கம் கையை நீட்டி, இந்த அம்மாதான், இவரிடம் ஒரு துடைப்பம் இருக்கிறது, அதைக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நேரம் என் தலை மேகத்தில் முட்டியிருக்கும். இவர் தூரத்தில் பற்றீஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

எல்லோரும் போய், மேசைகளை மடித்து, மிச்சப் பலகாரத்தைக் கட்டிக் கொடுத்து முடிய மாலையாகிவிட்டது. ஆனியில் இங்கே வெயில் இலேசில் போகாது. குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு யன்னலால் பார்த்தேன். தாலி கட்டும்வரை மாப்பிள்ளை அவர்கள் வீட்டில்தான், அவரும் போய்விட்டார். மகள் தனியே புல்லின் நடுவில் நின்றாள். பிறகு கீழே இருந்தாள். பிறகு அந்தப் பட்டுச்சீலையோடு, பூவோடு, நகையோடு, ஈரப் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

என் வாய் திறந்தது. எழும்படி, சீலை நாசமாப் போகப்போகுது என்ற சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்தேன். என் செருப்பைப் படியில் விட்டுவிட்டு இறங்கிப் போய், என் சீலையை ஒதுக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் படுத்தேன். அத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் அங்கேயிருந்து வானம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"கவனம் அம்மா. பாம்பு, பூச்சி கிடக்கும்."

"கிடக்கட்டும்," என்றேன்.